ஆறா, கடலா? மெகல்லன் நீர்ச்சந்தியை வகுப்பறையில் கடப்போம்

ஒன்பதாம் வகுப்பில் புவியியல் கண்டுபிடிப்புகள் குறித்த பாடம் நடந்துகொண்டிருந்தது. மெகல்லன் தென் அமெரிக்காவின் தெற்கு முனையில் ஒரு நீர்ச்சந்தியைக் கண்டறிந்து, அதன் வழியாகப் பசிபிக் பெருங்கடலை அடைந்தார் என்று சொல்லிவிட்டு அடுத்த பத்திக்கு நகர்ந்தேன். நடு வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "சார், உள்ளே போகும்போது அது ஆறு இல்லை, கடல் வழிதான்னு அவங்களுக்கு எப்படி சார் தெரிஞ்சது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. "அதெல்லாம் தேர்வுக்கு வராதும்மா, உட்காரு" என்று சொல்லிவிட்டேன். வகுப்பில் சிலர் சிரித்தார்கள். அதன்பிறகு பல வாரங்கள் அந்த மாணவி எந்தக் கேள்வியும் கேட்கவில்லை.

அந்தக் கேள்விதான் அந்தப் பாடத்தின் உயிர் என்பது பின்னர் படித்தபோதுதான் புரிந்தது. 38 நாள்கள் நீடித்த அந்தக் கடல்வழிப் பயணம் முழுவதும் "நமக்கு எப்படித் தெரியும்?" என்ற கேள்விக்கு விடை தேடிய பயணமே. அதை மாணவர்களுக்கு ஒரு வரியாகச் சொல்லாமல், கப்பலில் ஏற்றி, ஒவ்வொரு திருப்பத்திலும் நிறுத்தி, "இப்போது என்ன செய்வீர்கள்?" என்று கேட்டு நடத்தும் முறையை இங்கே பகிர்கிறேன். இரண்டு பாடவேளைகள் போதும்.

பயணத்திற்கு முன்

நீர்ச்சந்தி என்பது இரு பெரிய நீர்ப்பரப்புகளை இணைக்கும் குறுகிய கடல்பகுதி. நம் மாணவர்கள் நிலவரைபடத்தில் முதலில் குறிக்கப் பழகுவது பாக் நீர்ச்சந்தியை. அங்கிருந்து உலக வரைபடத்தில் தென் அமெரிக்காவின் தெற்கு முனைக்கு விரலை நகர்த்தச் சொல்லலாம். ஏறத்தாழ 53° தென் அட்சரேகையில், இன்றைய சிலி நாட்டில், அட்லாண்டிக்கையும் பசிபிக்கையும் இணைத்துக் கிடப்பது மெகல்லன் நீர்ச்சந்தி. நீளம் சுமார் 570 கிலோமீட்டர். அது நேர்கோடாக இல்லை. கிழக்கிலிருந்து தென்மேற்காக இறங்கி, ஃபுரோவார்டு முனையில் திரும்பி, வடமேற்காக ஏறுகிறது.

மெகல்லன் போர்ச்சுகீசியர். 1505இல் அல்மெய்டாவின் கடற்படையுடன் இந்தியாவிற்கு வந்தவர். 1511இல் போர்ச்சுகீசியர் மலாக்காவைக் கைப்பற்றியபோது அதில் பங்கேற்றவர். நறுமணப் பொருள்கள் எங்கிருந்து வருகின்றன, அவற்றின் மதிப்பு என்ன என்பதை நேரில் கண்டவர். 1494ஆம் ஆண்டின் டார்டெசிலாஸ் உடன்படிக்கையால் கிழக்கு நோக்கிய கடல்வழி போர்ச்சுகல் வசம் இருந்தது. எனவே மேற்கு நோக்கிச் சென்று மொலுக்கஸ் தீவுகளை அடையும் திட்டத்துடன் அவர் ஸ்பெயின் மன்னர் முதலாம் சார்லசை அணுகினார். 1519 செப்டம்பர் 20 அன்று சான்லூகர் துறைமுகத்திலிருந்து ஐந்து கப்பல்கள் புறப்பட்டன. டிரினிடாட், சான் அன்டோனியோ, கன்செப்சியோன், விக்டோரியா, சான்டியாகோ ஆகிய அவற்றில் சுமார் 240 பேர் இருந்தனர். அவர்களில் ஒருவரான இத்தாலியர் அன்டோனியோ பிகாபெட்டா எழுதிவைத்த குறிப்புகளே இப்பயணம் பற்றிய நமது முதன்மைச் சான்றுகளில் முக்கியமானவை.

வகுப்பை ஐந்து குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு கப்பலின் பெயரைக் கொடுங்கள். இனி நிறுத்தங்களுக்குச் செல்வோம்.

முதல் நிறுத்தம்: ஏமாற்றிய முகத்துவாரம்

1520 ஜனவரி. தென் அமெரிக்கக் கரையோரமாகத் தெற்கே வந்த கப்பல்கள் ஒரு மிகப் பெரிய நீர்ப்பரப்பைக் கண்டன. எதிர்க்கரை தெரியவில்லை. மாலுமிகள் இதுதான் வழி என்று நம்பினர்.

இங்கே நிறுத்திக் குழுக்களிடம் கேளுங்கள்: இது கடல் வழியா, ஆற்றின் முகத்துவாரமா? எதை வைத்துச் சொல்வீர்கள்?

மாணவர்கள் தாமாகவே "தண்ணீரைக் குடித்துப் பார்க்கலாம்" என்று சொல்வார்கள். மாலுமிகள் செய்ததும் அதுவே. உள்ளே செல்லச் செல்ல நீர் நன்னீராக இருந்தது, ஆழமும் குறைந்தது. அது இன்று அர்ஜென்டினாவிற்கும் உருகுவேக்கும் இடையே உள்ள லா பிளாட்டா ஆற்றின் முகத்துவாரம். கப்பல்கள் மீண்டும் தெற்கே திரும்பின. இந்தத் தோல்வி வீணாகவில்லை. ஆற்றையும் கடல் வழியையும் பிரித்தறியும் சோதனைமுறை இங்குதான் அவர்களுக்குப் பழக்கமானது.

இரண்டாம் நிறுத்தம்: குளிர்காலமும் கலகமும்

மார்ச் மாத இறுதியில் சான் ஜூலியன் என்ற இயற்கைத் துறைமுகத்தில் கப்பல்கள் தங்கின. தென் அரைக்கோளத்தில் அப்போது குளிர்காலம் நெருங்குகிறது. (மார்ச்சுக்குப் பிறகு ஏன் குளிர்காலம் நெருங்குகிறது என்று மாணவர்களைச் சொல்ல வைக்கலாம்.) உணவுப் பங்கீடு குறைக்கப்பட்டது. ஏப்ரல் தொடக்கத்தில் மூன்று கப்பல்களில் கலகம் வெடித்தது. மெகல்லன் அதைக் கடுமையாக அடக்கினார். விக்டோரியாவின் தலைவர் மெண்டோசா கொல்லப்பட்டார். கன்செப்சியோனின் தலைவர் கெசாடாவின் தலை வெட்டப்பட்டது. கலகத்திற்கு முக்கியக் காரணமான கார்டஜீனாவும் ஒரு பாதிரியாரும் ஆளற்ற கரையில் விடப்பட்டனர்.

இதைக் குழந்தைகளுக்கு விரிவாகச் சொல்லத் தேவையில்லை. ஆனால் முற்றிலும் விட்டுவிடவும் கூடாது. அன்றிலிருந்து கப்பல்களில் யாரும் தலைவரிடம் வாய் திறக்க அஞ்சினார்கள் என்பது பின்னால் வரப்போகும் நிகழ்வுக்கு அவசியம். அந்தக் குளிர்காலத்திலேயே தெற்கே வழி பார்க்கச் சென்ற சான்டியாகோ கரையில் மோதி உடைந்தது. அதிலிருந்தவர்களில் ஒருவரைத் தவிர மற்றவர்கள் பிழைத்தனர். கப்பல்கள் நான்காயின. வகுப்பில் சான்டியாகோ குழுவை மற்ற நான்கு குழுக்களில் சேர்த்துவிடுங்கள்.

மூன்றாம் நிறுத்தம்: 1520 அக்டோபர் 21

52° தென் அட்சத்தைத் தாண்டியதும் ஒரு முனையும் அதற்கு அப்பால் ஒரு விரிகுடாவும் தெரிந்தன. சுற்றிலும் கரை. பெரும்பாலோர் இது மூடிய விரிகுடா என்றே நினைத்தனர். மெகல்லன் சான் அன்டோனியோவையும் கன்செப்சியோனையும் உள்ளே சென்று பார்த்துவர அனுப்பினார். மற்ற இரண்டும் வாயிலில் காத்திருந்தன.

அன்றிரவு பெரும்புயல். உள்ளே சென்ற கப்பல்கள் விரிகுடாவின் கோடியை நோக்கித் தள்ளப்பட்டன. பாறையில் மோதிச் சிதறப்போகிறோம் என்று அவர்கள் நினைத்த வேளையில் ஒரு மூலையில் சிறு திறப்பு தெரிந்தது. வேறு வழியின்றி அதற்குள் நுழைந்தனர். அது மூலையன்று, ஒரு குறுகிய கால்வாய். அதற்கு அப்பால் இன்னொரு விரிகுடா, மீண்டும் ஒரு குறுகல், பிறகு இன்னும் பெரிய நீர்ப்பரப்பு.

வெளியே காத்திருந்தவர்களுக்கு இது எதுவும் தெரியாது. இரண்டு நாள்கள் கடந்தன. கரையில் புகை தெரிந்தது. கப்பல்கள் உடைந்துபோய், பிழைத்தவர்கள் உதவி கேட்கிறார்கள் என்றே எண்ணினர். அப்போது இரு கப்பல்களும் கொடிகள் பறக்க, பீரங்கிகளை முழக்கியபடி திரும்பி வந்தன.

இங்கேதான் அந்த மாணவியின் கேள்வி வருகிறது. அவர்களுக்கு எப்படித் தெரிந்தது? திரும்பி வந்தவர்கள் கொடுத்த சான்றுகள் மூன்று.

1. எவ்வளவு தூரம் உள்ளே சென்றும் நீர் உப்பாகவே இருந்தது.
2. ஆழம் குறையவில்லை. பிற்பாடு பல இடங்களில் நங்கூரம் தரை தொடாததால், கப்பலைக் கரையோடு கயிற்றால் கட்ட வேண்டியிருந்தது என்கிறார் பிகாபெட்டா.
3. உள்ளே வரும் ஓதம் வெளியேறும் ஓதத்தைவிட வலுவாக இருந்தது.

மூன்றாவது சான்றை மாணவர்கள் சற்று யோசிக்கட்டும். ஓர் ஆற்றில் மேலிருந்து நீர் தொடர்ந்து வருவதால், வெளியேறும் ஓட்டமே வலுவாக இருக்கும். ஒரு பக்கம் மூடிய விரிகுடாவில் உள்ளே வந்த நீர் அவ்வளவும் வந்த வழியே திரும்ப வேண்டும். வந்த அளவு திரும்பவில்லை என்றால், அந்த நீர் வேறு எங்கோ போகிறது. அப்படியானால் மறுபக்கம் திறந்திருக்கிறது! இந்த முடிவை மாணவர்கள் வாயிலிருந்தே வரவழையுங்கள். ஒரு நிமிடம் அமைதியாகக் காத்திருந்தால் போதும், யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்.

நான்காம் நிறுத்தம்: கிளைவழியும் காணாமற்போன கப்பலும்

உள்ளே சென்றபின் வழி பல கிளைகளாகப் பிரிந்தது. தென்கிழக்குக் கிளையைப் பார்த்துவர சான் அன்டோனியோவும் கன்செப்சியோனும் அனுப்பப்பட்டன. மற்ற இரண்டும் தென்மேற்கே சென்றன. அங்கிருந்து அனுப்பப்பட்ட சிறுபடகு மூன்று நாள்களில் திரும்பி, ஒரு முனையையும் அதற்கு அப்பால் பரந்த கடலையும் கண்டதாகச் சொன்னது. மெகல்லன் மகிழ்ச்சியில் கண்ணீர் விட்டார் என்று பிகாபெட்டா எழுதுகிறார். அம்முனைக்கு 'விரும்பிய முனை' என்று பெயரிட்டனர்.

கன்செப்சியோன் திரும்பி வந்தது. சான் அன்டோனியோ வரவில்லை. அதைத் தேடி விக்டோரியா நீர்ச்சந்தியின் கிழக்கு வாயில்வரை பின்னோக்கிச் சென்றது. ஒரு குன்றின்மேல் கொடியை நட்டு, அதன் அடியில் ஒரு சிறு பானையில் கடிதம் வைத்தனர். வழி தவறியவர்கள் பார்த்தால் பின்தொடர்ந்து வரட்டும் என்பதற்காக. ஆனால் அக்கப்பல் வழி தவறவில்லை. அதன் வழிகாட்டி எஸ்தேவன் கோமசும் மாலுமிகளும் கப்பல் தலைவரான மெஸ்கித்தாவைச் சிறைபிடித்து, கப்பலை ஸ்பெயினுக்குத் திருப்பிவிட்டனர். அதுதான் இருப்பதில் பெரிய கப்பல், உணவுப்பொருள்களும் அதில்தான் மிகுதியாக இருந்தன.

கோமசைத் துரோகி என்று ஒரு சொல்லில் முடித்துவிடாதீர்கள். அவர் முன்னரே வெளிப்படையாக வாதாடியிருந்தார் என்று பழைய வரலாற்றுப் பதிவு கூறுகிறது. வழி தெரிந்துவிட்டது, உணவு மூன்று மாதத்திற்குத்தான் இருக்கிறது, அப்பால் உள்ள கடலின் அகலம் யாருக்கும் தெரியாது, ஸ்பெயின் திரும்பிப் புதிய கப்பல்களுடன் வரலாம் என்பது அவரது வாதம். பாய்மரக் குறுக்குக் கம்பங்களில் சுற்றியுள்ள தோலைத் தின்றாவது முன்னே செல்வேன் என்பது மெகல்லனின் பதில். இரு குழுக்கள் கோமஸ் பக்கமும் இரு குழுக்கள் மெகல்லன் பக்கமும் நின்று பத்து நிமிடம் வாதிடட்டும். சான் அன்டோனியோவில் இருந்த சுமார் 55 பேர் 1521 மே மாதம் செவில் நகரை அடைந்தனர் என்பதையும், முன்னே சென்றவர்கள் பசிபிக்கில் உண்மையாகவே அந்தத் தோலை ஊறவைத்துத் தின்றனர் என்பதையும் வாதம் முடிந்தபிறகு சொல்லுங்கள்.

ஐந்தாம் நிறுத்தம்: அஞ்ச வேண்டாம் என்றொரு ஆணை

நவம்பர் 21 அன்று மெகல்லன் எழுத்துமூலம் ஓர் ஆணை அனுப்பினார். முன்னே செல்வதா, திரும்புவதா என்று ஒவ்வொருவரும் தம் கருத்தை எழுதித் தர வேண்டும் என்பது அதன் பொருள். சான் ஜூலியனில் நடந்த மரண தண்டனைகளால் நீங்கள் என்னிடம் பேச அஞ்சுகிறீர்கள் என்பது எனக்குத் தெரியும், அந்த அச்சம் வேண்டாம் என்றும் அதில் அவர் குறிப்பிட்டிருந்தார்.

விக்டோரியாவிலிருந்த வானியல் அறிஞரும் வழிகாட்டியுமான ஆண்ட்ரெஸ் தெ சான் மார்ட்டின் பதில் எழுதினார். கோடைக்காலம் இருப்பதால் இப்போது முன்னே செல்லலாம், ஆனால் ஜனவரி நடுப்பகுதிக்குமேல் தொடராமல் ஸ்பெயின் திரும்ப வேண்டும், மாலுமிகள் களைத்திருப்பதால் இரவில் கப்பல் செலுத்தக்கூடாது என்றார். மெகல்லன் கேட்டுக்கொண்டார். ஆனால் முன்னே செல்வது என்று முடிவெடுத்தார்.

இந்த இடத்தை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்கு என் வகுப்பறை நினைவுக்கு வருகிறது. ஆபத்தான நேரத்தில் பிறர் அறிவு தேவைப்பட்டபோது, தான் முன்பு ஏற்படுத்திய அச்சமே அத்தலைவருக்குத் தடையாக நின்றது. "யாருக்காவது சந்தேகம் இருக்கிறதா?" என்று நாம் கேட்கும்போது எழும் அமைதியும் பல நேரங்களில் அத்தகையதுதான்.

1520 நவம்பர் 28 அன்று மூன்று கப்பல்கள் நீர்ச்சந்தியை விட்டு மேற்கே வெளியேறின.

ஏன் அது அவ்வளவு ஆபத்தானது?

இதை இயற்பியல் புவியியலோடு இணைக்கலாம். 40° முதல் 60° தென் அட்சங்களில் மேலைக்காற்றுகளைத் தடுக்க நிலப்பரப்பு மிகக் குறைவு. 'கர்ஜிக்கும் நாற்பதுகள்', 'சீறும் ஐம்பதுகள்' என்று நாம் கற்பிக்கும் காற்றுகள் இங்குதான் வீசுகின்றன. மேற்கே செல்லும் பாய்மரக் கப்பலுக்கு அது எதிர்க்காற்று. மலைச்சரிவுகளிலிருந்து முன்னறிவிப்பின்றிச் சூறைக்காற்று இறங்கும். கிழக்கு வாயிலில் உயர் ஓதத்திற்கும் தாழ் ஓதத்திற்கும் இடையே சுமார் 10 மீட்டர்வரை வேறுபாடு இருக்க, மேற்குப் பகுதியில் அது ஓரிரு மீட்டர்தான். இந்த வேறுபாட்டால் குறுகல்களில் நீரோட்டம் மிக வேகமாகிறது.

ஒரு சாதகமும் இருந்தது. நவம்பர் இறுதியில் அந்த அட்சத்தில் பகல் 16 மணி நேரத்திற்கும் மேல். எனவே பாறைகளைப் பார்த்துக் கப்பலைச் செலுத்த நீண்ட பகல் கிடைத்தது. இரவு மூன்று மணி நேரமே என்று பிகாபெட்டா எழுதுகிறார். அந்திவெளிச்சத்தையும் பகலில் சேர்த்து, முழு இருளை மட்டும் அவர் இரவு என்று கணக்கிட்டிருக்கலாம். ஒரு சான்றை அப்படியே ஏற்காமல் கணக்கிட்டுச் சரிபார்க்க உயர்நிலை மாணவர்களுக்கு இது நல்ல பயிற்சி.

யாருக்குத் தெரியாத வழி?

ஐரோப்பியரின் வரைபடத்தில் அந்த வழி இல்லை. ஆனால் அப்பகுதியில் மக்கள் 10,000 ஆண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்து வந்தனர். தெற்குக் கரையில் இரவில் தெரிந்த நெருப்புகளால்தான் அத்தீவுக்கு 'நெருப்பு நிலம்' எனப் பொருள்படும் டியரா டெல் ஃபியூகோ என்ற பெயர் வந்தது. செல்க்னாம் மக்கள் அத்தீவில் வேட்டையாடி வாழ்ந்தனர். மேற்குக் கால்வாய்களில் கவேஸ்கர் மக்கள் படகிலேயே நெருப்பு வைத்துக்கொண்டு குடும்பமாகப் பயணம் செய்தனர்.

அவர்களுடனான முதல் சந்திப்புகள் நல்லவையாக அமையவில்லை. சான் ஜூலியனில் இரு உள்ளூர் மனிதர்களுக்குக் கால்விலங்கைப் பரிசுபோல் காட்டிப் பூட்டி, கப்பலில் ஏற்றினர். இருவரும் கடலிலேயே இறந்தனர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆட்டுப்பண்ணைகள் பெருகியபோது செல்க்னாம் மக்கள் வேட்டையாடப்பட்டும் நோயாலும் பெருமளவு அழிந்தனர். ஆகவே 'கண்டுபிடித்தார்' என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதும்போது, அருகில் 'யாருக்காக?' என்றும் எழுதுங்கள்.

கொடுத்த விலை

பசிபிக்கைக் கடந்து குவாம் தீவை அடைய 98 நாள்கள் ஆயின. ஸ்கர்வி நோயாலும் பசியாலும் 19 பேர் இறந்ததாகப் பிகாபெட்டா குறிப்பிடுகிறார். 1521 ஏப்ரல் 27 அன்று பிலிப்பைன்சின் மக்டான் தீவில் நடந்த சண்டையில் மெகல்லன் கொல்லப்பட்டார். 1522 செப்டம்பர் 6 அன்று எல்கானோ தலைமையில் விக்டோரியா மட்டும் சான்லூகர் திரும்பியது. அதில் வந்த ஐரோப்பியர் 18 பேர்.

அந்த வழி அதன்பிறகும் எளிதாகவில்லை. 1525இல் லோயிசா தலைமையில் புறப்பட்ட ஏழு கப்பல்களில் நான்கே நீர்ச்சந்தியைக் கடந்தன. 1578இல் டிரேக் 16 நாள்களில் கடந்தார். 1584இல் ஸ்பெயின் அங்கு அமைத்த குடியிருப்பு பசியால் அழிந்தது. 1587இல் அவ்வழியே வந்த காவெண்டிஷ் ஒரு சிலரையே உயிருடன் கண்டார். அந்த இடத்தின் பெயர் இன்றும் 'பசித் துறைமுகம்'தான். 1616இல் ஹார்ன் முனை வழியும், 1914இல் பனாமா கால்வாயும் திறந்தபின் நீர்ச்சந்தியின் முக்கியத்துவம் குறைந்தது.

வகுப்பறைச் செயல்பாடுகள்

தொடக்க நிலை: ஒரு வாளியில் கற்களை மேடும் பள்ளமுமாக அடுக்கி, கலங்கிய நீரால் நிரப்புங்கள். ஒரு நூலில் இரும்புத் திருகுமறையைக் கட்டி, சம இடைவெளியில் முடிச்சுகள் போடுங்கள். மாணவர்கள் பத்து இடங்களில் நூலை இறக்கி, முடிச்சுகளை எண்ணி, வாளியின் அடித்தளத்தை வரையட்டும். பிறகு நீரை ஊற்றிவிட்டு ஒப்பிடட்டும். மாலுமிகள் ஈயக்குண்டு கட்டிய கயிற்றால் செய்தது இதையேதான்.

நடுநிலை: நீர்ச்சந்தியின் வெளிக்கோட்டு வரைபடத்தைத் துண்டுகளாக்கி, ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு துண்டை மட்டும் கொடுங்கள். முழு வரைபடத்தையும் முன்கூட்டியே காட்டிவிட்டால் முடிவெடுக்க எதுவும் இருக்காது.

உயர்நிலை: 1522 ஜூலையில் கேப் வெர்டே தீவுகளை விக்டோரியா அடைந்தபோது, தினமும் தவறாமல் குறித்துவந்த நாள்குறிப்பின்படி அது புதன்கிழமை. கரையில் இருந்தவர்களுக்கு வியாழக்கிழமை. ஒரு நாள் எங்கே போனது? பன்னாட்டுத் தேதிக்கோட்டை இக்கேள்வியிலிருந்து தொடங்கிப் பாருங்கள்.

மதிப்பீட்டிற்கு, "மெகல்லன் நீர்ச்சந்தியைக் கண்டறிந்தவர் யார்?" என்று கேட்பதற்குப் பதிலாக, "அது ஆறு அல்ல என்பதற்கான மூன்று சான்றுகளை எழுதி, அவற்றில் வலுவானது எது என்று காரணத்துடன் விளக்குக" என்று கேட்கலாம்.

அடுத்த ஆண்டு இம்முறையில் இப்பாடத்தை நடத்தினேன். தொடங்குவதற்கு முன், அப்போது பத்தாம் வகுப்பில் இருந்த அந்த மாணவியை அழைத்து வந்து, சென்ற ஆண்டு கேட்ட கேள்வியை மீண்டும் கேட்கச் சொன்னேன். தயங்கியபடி கேட்டாள். அதைக் கரும்பலகையின் மேல் பகுதியில் எழுதிவிட்டு, "இந்தக் கேள்விக்கு அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. இன்று நாம் எல்லோரும் சேர்ந்து தேடப்போகிறோம்" என்றேன். அவளும் ஒரு குழுவில் உட்கார்ந்துகொண்டாள். ஓதத்தைப் பற்றிய மூன்றாவது சான்றை முதலில் விளக்கியது அந்தக் குழுதான்.